ஆலை வாசலும் பள்ளி வாசலும்: அந்நிய முதலீடும் மனித மேம்பாடும்

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் மேம்பாடு என்றால் என்ன, அதை எப்படி அளக்கிறார்கள் என்று கற்பிக்கிறோம். பத்தாம் வகுப்பில் உலகமயமாதலையும் வர்த்தகத்தையும் கற்பிக்கிறோம். இரண்டையும் தனித்தனிப் பாடங்களாக முடித்துவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுகிறோம். ஆனால் மாணவர்கள் நாளிதழில் படிப்பது இரண்டும் சேர்ந்த செய்தியை. "இன்ன நாட்டு நிறுவனம் இத்தனை கோடி ரூபாய் முதலீடு, இத்தனை பேருக்கு வேலை" என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, "இதனால் நமக்கு நல்லதா, கெட்டதா சார்?" என்று கேட்கிறார்கள்.

இதற்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியாது. வெவ்வேறு நாடுகளின் அனுபவத்தை அருகருகே வைத்துப் பார்த்தால் மாணவர்களே விடையை நெருங்கிவிடுவார்கள். அதற்கு உதவும் செய்திகளையும், வகுப்பறையில் செய்யத்தக்க சில செயல்பாடுகளையும் இக்கட்டுரை தருகிறது.

கற்றல் விளைவுகள்

இப்பகுதியைக் கற்ற மாணவர்,
- அந்நிய நேரடி முதலீட்டையும் பங்குச் சந்தை வழி வரும் முதலீட்டையும் வேறுபடுத்துவர்.
- உள்நாட்டு உற்பத்திக்கும் தேசிய வருமானத்துக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குவர்.
- மனித மேம்பாட்டுக் குறியீட்டின் உடல்நலப் பகுதியையும் கல்விப் பகுதியையும் கணக்கிடுவர்.
- ஒரு முதலீடு மக்கள் வாழ்வை மேம்படுத்துமா என்று தீர்மானிக்கச் சரியான வினாக்களை எழுப்புவர்.

முதலில் இரண்டு சொற்கள்

வெளிநாட்டுப் பணம் நாட்டுக்குள் பல வழிகளில் வருகிறது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் இங்கே ஆலை கட்டுகிறது, அல்லது இங்குள்ள நிறுவனம் ஒன்றின் நிர்வாகத்தில் பங்கேற்கும் அளவுக்கு அதன் பங்குகளை வாங்குகிறது. இது அந்நிய நேரடி முதலீடு. வாக்குரிமையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அதை நேரடி முதலீடு எனக் கொள்வது உலக நடைமுறை. இலாபத்துக்காகப் பங்குச் சந்தையில் சிறு அளவில் பங்குகளை வாங்கி விற்பது வேறு வகை. அந்தப் பணம் காலையில் வந்து மாலையில் போய்விடலாம். ஆலையை அப்படி ஒரே நாளில் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அதனால்தான் வளரும் நாடுகள் நேரடி முதலீட்டைப் பெரிதும் விரும்புகின்றன. இந்தியா 1991-ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இதற்கான கதவை அகலமாகத் திறந்தது.

அடுத்த சொல் மனித மேம்பாடு. ஒரு நாட்டின் வளத்தைப் பணத்தால் மட்டும் அளக்கக் கூடாது, மக்கள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள், எவ்வளவு படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும் என்ற நோக்கில், பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் தலைமையில், அமர்த்தியா சென் போன்றோரின் துணையுடன், 1990-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் முதல் மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே மனித மேம்பாட்டுக் குறியீடு.

2010-ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு மாற்றம் செய்தார்கள். வருமானத்தை அளக்க அதுவரை பயன்படுத்திய மொத்த உள்நாட்டு உற்பத்தியை விட்டுவிட்டு, மொத்த தேசிய வருமானத்தை எடுத்துக்கொண்டார்கள். நம் பாடத்துக்கு இந்த மாற்றம் மிகவும் பயன்படும். கரும்பலகையில் ஒரு கற்பனைக் கணக்கைப் போடலாம். ஒரு நாட்டின் ஓராண்டு உற்பத்தி 1000 கோடி. அதில் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சேரும் இலாபம் 200 கோடி. உள்நாட்டு உற்பத்தி 1000 கோடி என்றே கணக்கில் வரும். தேசிய வருமானமோ 800 கோடிதான். ஆலை நம் மண்ணில் இருக்கிறது, ஆனால் இலாபத்துக்கு உரியவர் வேறு நாட்டில் இருக்கிறார். "உற்பத்தி உயர்ந்தது" என்பதும் "மக்களின் வருமானம் உயர்ந்தது" என்பதும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் இந்த ஒரு கணக்கிலேயே புரிந்துகொள்வார்கள்.

நம் நாட்டின் கணக்கு

2025-இல் வெளியான அறிக்கை 2023-ஆம் ஆண்டுக்கான புள்ளிவிவரங்களைத் தருகிறது. அதில் இந்தியாவின் குறியீடு 0.685, 193 நாடுகளில் 130-ஆவது இடம். பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் 72 ஆண்டுகள். இன்று பள்ளியில் சேரும் குழந்தை படிக்கும் என எதிர்பார்க்கப்படும் காலம் 13 ஆண்டுகள். 25 வயதைக் கடந்தவர்கள் சராசரியாகப் படித்திருப்பது 6.9 ஆண்டுகள்.

இதை மாணவர்களையே கணக்கிடச் செய்யலாம்.

உடல்நலம்: மிகக் குறைந்த ஆயுள் 20, மிக அதிகம் 85 என வைத்துக்கொள்கிறார்கள். (72 – 20) ÷ (85 – 20) = 52 ÷ 65 = 0.80.

கல்வி: எதிர்பார்க்கப்படும் காலத்துக்கு உச்சவரம்பு 18 ஆண்டுகள். 13 ÷ 18 = 0.72. சராசரிப் படிப்புக்கு உச்சவரம்பு 15 ஆண்டுகள். 6.9 ÷ 15 = 0.46. இரண்டின் சராசரி 0.59.

வருமானம்: இதற்கு மடக்கை தேவைப்படுவதால் விடையை மட்டும் ஆசிரியர் தரலாம். அது 0.68.

இப்போது மூன்றையும் எழுதிப் போடுங்கள்: 0.80, 0.59, 0.68. மிகக் குறைந்தது எது? கல்வி. அதிலும் நம்மைக் கீழே இழுப்பது 6.9 என்ற எண். பள்ளியில் சேராததாலும் பாதியில் நின்றதாலும் ஒரு தலைமுறை இழந்த ஆண்டுகள் அந்த எண்ணில் பதிவாகியிருக்கின்றன. இன்று ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிடும் மாணவர் அடுத்த ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு அந்தக் கணக்கில் ஒன்பது ஆண்டாகவே இருப்பார்.

ஆகவே, எந்த முதலீட்டைப் பற்றியும் ஆசிரியர்களாகிய நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: அது பிள்ளைகளைப் பள்ளியில் வைத்திருக்கிறதா, வெளியே இழுக்கிறதா?

முதலீடு மக்களைச் சென்றடையும் வழிகள்

வெளிநாட்டு முதலீடு மக்கள் வாழ்வைத் தொடுவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. ஒன்று, அரசுக்குக் கிடைக்கும் வரியும் உரிமத் தொகையும் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் மாறுவது. இரண்டு, வேலையும் கூலியும் குடும்பத்தின் முடிவுகளை மாற்றுவது. மூன்று, தொழில்நுட்பமும் திறனும் உள்நாட்டவருக்குப் பரவுவது. ஒவ்வொரு வழியும் திறந்தும் இருக்கலாம், அடைபட்டும் இருக்கலாம். அதைத்தான் கீழ்க்காணும் நாடுகளில் பார்க்கிறோம்.

அரசு வருவாய்: இரண்டு ஆப்பிரிக்க நாடுகள்

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் உள்ள சிறிய நாடு எக்குவடோரியல் கினி. 1990-களில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்து இலட்சம். 1995-இல் அதன் கடற்பகுதியில் சஃபிரோ எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. அமெரிக்க நிறுவனங்கள் பெருமளவில் முதலிட்டன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில், தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், ஆப்பிரிக்காவின் மிகப் பணக்கார நாடுகளில் ஒன்றாக அது ஆனது. ஆனால் வருமானத் தரவரிசையில் அதற்குக் கிடைத்த இடத்துக்கும் மனித மேம்பாட்டுத் தரவரிசையில் கிடைத்த இடத்துக்கும் இடையே இருந்த இடைவெளி, உலகின் மிகப் பெரிய இடைவெளிகளில் ஒன்று. பணம் எங்கே போனது? 1979 முதல் ஒரே அதிபர் ஆட்சியில் இருக்கிறார். எண்ணெய் வருவாய் செலுத்தப்பட்ட ரிக்ஸ் வங்கிக் கணக்குகள் அதிபர் தரப்பின் கட்டுப்பாட்டில் இருந்ததை 2004-இல் அமெரிக்க செனட் துணைக்குழு ஒன்றின் விசாரணை வெளிப்படுத்தியது. எண்ணெய்க் கிணறு கடலில் இருந்தது. அதில் வேலை பெற்ற உள்ளூர் மக்கள் சிலரே. அரசுக்கு வந்த பணமும் பள்ளியை எட்டவில்லை. இரண்டு வழிகளும் அடைபட்டுப் போயின.

தென் ஆப்பிரிக்கப் பகுதியில் உள்ள போட்ஸ்வானா 1966-இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அடுத்த ஆண்டே ஒராபா என்ற இடத்தில் வைரம் கிடைத்தது. தோண்டியெடுக்கும் தொழில்நுட்பமும் பணமும் டி பீர்ஸ் என்ற வெளிநாட்டு நிறுவனத்திடம் இருந்தன. ஆனால் அரசு பேரம் பேசியது. இருவருக்கும் சரிபாதிப் பங்குள்ள கூட்டு நிறுவனமாகச் சுரங்கங்கள் நடத்தப்பட்டன. வைர வருவாயை உள்கட்டமைப்புக்கும் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் செலவிடுவது என்ற நெறியை அரசு வகுத்துக்கொண்டது.

போட்ஸ்வானாவிலும் குறைகள் உண்டு. வருமான ஏற்றத்தாழ்வு அங்கே இன்றும் மிக அதிகம். எய்ட்ஸ் நோய் பரவி, 2000-ஆம் ஆண்டையொட்டி மக்களின் சராசரி ஆயுளை வெகுவாகக் குறைத்தது. ஆனால் 2002-இல் ஆப்பிரிக்காவிலேயே முதலாவதாகத் தேசிய அளவில் இலவச எச்.ஐ.வி. மருந்துத் திட்டத்தைத் தொடங்க அந்த நாட்டால் முடிந்தது. பொதுக் கருவூலத்தில் பணம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். சரிந்த ஆயுள் மீண்டும் உயர்ந்தது.

இரு நாடுகளிலும் மண்ணுக்கடியில் வளம் இருந்தது. இரு நாடுகளிலும் வெளிநாட்டு முதலீடு வந்தது. ஒப்பந்தமும் வரவு செலவுத் திட்டமும்தான் வேறாக இருந்தன.

வேலை: மெக்சிகோவும் வங்கதேசமும்

ஆசிரியர்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். ஆலை வந்தால் பெற்றோர் வருமானம் உயரும், பிள்ளைகள் கூடுதலாகப் படிப்பார்கள் என்று நாம் இயல்பாக எண்ணுகிறோம். அப்படித்தான் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

மெக்சிகோவில் ஏற்றுமதிக்காகப் பொருள்களை இணைத்துத் தரும் ஆலைகளுக்கு 1965 முதல் சலுகைகள் தரப்பட்டன. 1994-இல் அமெரிக்கா, கனடாவுடன் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் அவை இன்னும் பெருகின. அவற்றில் பல வெளிநாட்டு முதலீட்டில் நடப்பவை. துணி தைத்தல், மின்கம்பிகளைக் கோத்தல், தொலைக்காட்சிப் பாகங்களைப் பொருத்துதல் போன்ற வேலைகளுக்கு ஒன்பதாம் வகுப்புப் படிப்பே போதுமானதாக இருந்தது. 1986 முதல் 2000 வரையிலான காலத்தை டேவிட் அட்கின் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். புதிதாக உருவான ஒவ்வொரு 25 வேலைக்கும் ஒரு மாணவர், பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடராமல் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டார் என்பது அவருடைய முடிவு.

அந்த மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. பதினாறு வயதில் வாசலுக்கு வந்த கூலி, மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைக்கலாம் என்ற சம்பளத்தைவிடக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஆலை மூடினாலோ இடம் மாறினாலோ கையில் இருப்பது ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழ் மட்டுமே.

வங்கதேசத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. அங்கே ஆயத்த ஆடைத் தொழிலின் தொடக்கமே ஒரு வெளிநாட்டுத் தொடர்பில்தான். 1970-களின் இறுதியில் தென் கொரியாவின் டேவூ நிறுவனமும் வங்கதேசத்தின் தேஷ் நிறுவனமும் ஓர் ஒத்துழைப்பு உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி சுமார் 130 பணியாளர்கள் கொரியாவுக்குச் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். அவர்களில் பலர் பின்னர் வெளியேறிச் சொந்தமாக ஆலைகளைத் தொடங்கினார்கள், அல்லது புதிய ஆலைகளை நடத்தினார்கள். பணத்தைவிடத் திறன் பரவியதே அங்கே பெரிய இலாபம். இன்று ஆலைகளில் பெரும்பாலானவை உள்நாட்டவருடையவை. ஆர்டர்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. நாட்டின் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடைகளே.

ஆடை ஆலைகளுக்கு அருகில் உள்ள கிராமங்களையும் தொலைவில் உள்ள கிராமங்களையும் ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் ஆகிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். அருகில் உள்ள கிராமங்களில் பெண்கள் திருமணமும் மகப்பேறும் தள்ளிப்போயிருந்தன. சிறுமிகள் பள்ளியில் இருப்பது அதிகரித்திருந்தது. காரணம், ஆலையில் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தவருக்குக் கூடுதல் மதிப்பு இருந்தது. அளவுச் சீட்டைப் படிக்க வேண்டும், எத்தனை உருப்படி முடிந்தது என்று குறிக்க வேண்டும். "பெண்ணைப் படிக்க வைத்து என்ன பயன்?" என்று கேட்ட பெற்றோருக்கு அதுவே பதிலாக அமைந்தது.

இதன் மறுபக்கத்தையும் வகுப்பில் சொல்லியாக வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து, அதில் இருந்த ஆடை ஆலைகளின் தொழிலாளர்கள் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் அவர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டிருந்தார்கள். மேலைநாட்டுக் கடைகளுக்காகத் தைக்கப்பட்ட ஆடைகள் அவை. அதன்பிறகே வெளிநாட்டு நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கட்டடப் பாதுகாப்பு உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டன. வேலை கிடைப்பது மட்டும் மேம்பாடு ஆகாது. மாலையில் உயிரோடு வீடு திரும்புவதும் அதில் அடங்கும்.

மெக்சிகோ, வங்கதேசம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விதி புலப்படும். ஆலை வாசலில் கேட்கும் தகுதி, அந்த ஊர்ப் பிள்ளைகள் ஏற்கெனவே நிற்கும் இடத்தைவிட ஒரு படி மேலே இருந்தால் பள்ளிக்குக் கூட்டம் சேரும். அவர்கள் நிற்கும் இடத்துக்குக் கீழே இருந்தால் பள்ளி காலியாகும். வங்கதேசக் கிராமத்தில் எழுத்தறிவே பல சிறுமிகளுக்கு அடுத்த படியாக இருந்தது. மெக்சிகோவில் ஒன்பதாம் வகுப்பு அவர்கள் முன்பே எட்டிய படி.

திறன்: கோஸ்டா ரிக்கா

மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிக்கா, தொடக்கக் கல்வியை 1869-லேயே இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கிய நாடு. 1949-ஆம் ஆண்டு அரசமைப்பின் வழியாக நிரந்தர இராணுவம் வேண்டாம் என்று முடிவு செய்து, கல்விக்கும் சுகாதாரத்துக்கும் முன்னுரிமை தந்தது. 1996-இல் இன்டெல் நிறுவனம் தன் சில்லு இணைப்பு, சோதனை ஆலைக்கு அந்தச் சிறிய நாட்டைத் தேர்ந்தெடுத்தபோது உலகமே வியந்தது. வரிச் சலுகை பல நாடுகளும் தந்தன. படித்த தொழிலாளர்கள் அங்கே இருந்ததும் முக்கியக் காரணம். ஆலை வந்தபின் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களின் பாடத்திட்டமும் அதற்கேற்ப விரிவடைந்தது.

2014-இல் இன்டெல் அந்த ஆலைப் பணிகளை ஆசியாவுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. சுமார் 1,500 பேர் வேலை இழந்தார்கள். ஆனால் நாடு நிலைகுலையவில்லை. பொறியியல், வடிவமைப்புப் பணிகள் அங்கேயே தொடர்ந்தன. மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனங்கள் பல ஏற்கெனவே வந்திருந்தன. இன்று அந்நாட்டின் ஏற்றுமதியில் முதலிடம் மருத்துவக் கருவிகளுக்கே. நிறுவனம் போனாலும் படித்த மனிதர்கள் நாட்டில் இருந்தார்கள்.

இதே கருத்தை 69 வளரும் நாடுகளின் விவரங்களைக் கொண்டு பொரென்ஸ்டைன், டி கிரெகோரியோ, லீ ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வும் கூறுகிறது. மக்களிடம் குறைந்தபட்ச அளவுக்குக் கல்வி இருந்தால்தான் அந்நிய நேரடி முதலீடு உள்நாட்டு முதலீட்டைவிடக் கூடுதல் வளர்ச்சியைத் தருகிறது என்பது அவர்கள் கண்டது. முதலீடு வந்தால் கல்வி வளரும் என்று காத்திருப்பது பாதி உண்மைதான். கல்வி முன்னே போனால் முதலீட்டின் பயன் பின்னே வரும் என்பது மறுபாதி.

நம் மாநிலத்தில்

தமிழ்நாட்டுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். 1990-களின் பிற்பாதியில் மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் கார் ஆலைகளை அமைத்தன. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. அவை வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே தொடக்கப் பள்ளிகள் ஊர்தோறும் இருந்தன. 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்திருந்தன. தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் இருந்தன. இந்தியாவின் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதற்கும் பெண்கல்வியே அடித்தளம்.

தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களின் பள்ளிச் சேர்க்கை விவரங்களை எமிலி ஓஸ்டர், பிரைஸ் மில்லெட் ஸ்டைன்பெர்க் ஆகியோர் ஆராய்ந்தார்கள். தகவல் தொழில்நுட்பச் சேவை மையம் ஒன்று திறக்கப்பட்டால், அதற்கு மிக அருகில் உள்ள பள்ளிகளில் சேர்க்கை உயர்ந்தது. சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்த விளைவு இல்லை. படித்தவருக்கு வேலை உண்டு என்பதைக் கண்ணால் பார்த்த ஊரில்தான் நம்பிக்கை பிறக்கிறது. தொலைவில் இருக்கும் ஊர்ப் பிள்ளைக்கு அந்தச் செய்தியைக் கொண்டுசேர்ப்பவர் பெரும்பாலும் ஆசிரியர்தான்.

இங்கும் ஆலைகள் மூடியிருக்கின்றன. 2014-இல் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்கு மாறியபோது, வரி வழக்கு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் உற்பத்தி நின்றது. அங்கு வேலை பார்த்த ஆயிரக்கணக்கானோரில் கணிசமானோர் இளம்பெண்கள். ஃபோர்டு 2021-இல் அறிவித்து, 2022-இல் மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்தியது. இத்தகைய நேரங்களில் பட்டயமோ பட்டமோ கையில் உள்ளவருக்கு அடுத்த வாசல் திறக்க வாய்ப்பு அதிகம். பத்தாம் வகுப்போடு நின்றவருக்கு அது கடினம்.

தொழிற்பேட்டைகளை ஒட்டிய பள்ளிகளில் பணிபுரியும் நண்பர்கள் இதை நன்கு அறிவார்கள். பொதுத்தேர்வு முடிந்த கையோடு ஆள் எடுப்பவர்கள் ஊருக்குள் வந்துவிடுகிறார்கள். தங்கும் இடம், சாப்பாடு, மாதச் சம்பளம் என்று சொல்லும்போது, கடனில் உள்ள பெற்றோரால் மறுக்க முடிவதில்லை. அந்த வீட்டுக்குப் போய் "படிப்பை நிறுத்தாதீர்கள்" என்று அறிவுரை மட்டும் சொன்னால் போதாது. கணக்கோடு பேச வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதை எடுத்துச் சொல்லலாம். பட்டயப் படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் அது உண்டு என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. அதே நிறுவனத்தில் பட்டயம் முடித்தவர் எந்த நிலையில் சேர்கிறார் என்பதையும் ஒப்பிட்டுக் காட்டலாம். 14 வயதுக்கு உட்பட்டோரை வேலையில் அமர்த்துவதும், 18 வயதுக்கு உட்பட்டோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதும் சட்டப்படி குற்றம் என்பதையும் அவர்கள் அறிய வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. எங்கிருந்து வந்தது? (தொடக்க நிலை) வீட்டில் உள்ள பற்பசை, சோப்பு, பேனா, கைபேசி ஆகியவற்றின் உறைகளைக் கொண்டுவரச் செய்து, எங்கே தயாரானது, எந்த நிறுவனம் என்று படிக்கச் சொல்லலாம். உலக வரைபடத்தில் அந்த இடங்களைப் பொட்டிட்டு நூலால் நம் ஊருடன் இணைக்கலாம்.

2. வாசல் கேட்பது என்ன? (9, 10-ஆம் வகுப்பு) நாளிதழிலும் சுவரொட்டியிலும் வரும் வேலைவாய்ப்பு விளம்பரங்கள் பத்தைச் சேகரிக்க வேண்டும். நிறுவனத்தின் வகை, வேலை, கேட்கும் கல்வித் தகுதி, சம்பளம் என நான்கு பத்திகளில் அட்டவணை இட வேண்டும். எந்தத் தகுதியில் சம்பளம் தாண்டிச் செல்கிறது என்று குழுவாகக் கண்டறிய வேண்டும். இந்த அட்டவணை வகுப்புச் சுவரில் ஆண்டு முழுவதும் இருக்கலாம்.

3. கணக்கிடுவோம். வங்கதேசத்தின் ஆயுள் 74.7, எதிர்பார்க்கப்படும் படிப்பு 12.3, சராசரிப் படிப்பு 6.8. அதே 2025 அறிக்கையில் அந்நாடும் இந்தியாவும் ஒரே இடத்தில் உள்ளன. எதில் அவர்கள் முந்துகிறார்கள், எதில் நாம் முந்துகிறோம்? கணித ஆசிரியருடன் சேர்ந்து நடத்தத்தக்க செயல்பாடு இது.

4. கிராம சபை நடிப்பு. ஊருக்கு ஒரு வெளிநாட்டு ஆலை வரப்போகிறது. நிறுவன அதிகாரி, ஊராட்சித் தலைவர், விவசாயி, வேலை தேடும் இளைஞர், பத்தாம் வகுப்பு மாணவி, செவிலியர் என ஆறு பேர் பேசுகிறார்கள். நிலம், நீர், வேலை, பாதுகாப்பு, பள்ளி ஆகிய ஐந்தைப் பற்றியும் ஒவ்வொரு கேள்வியாவது எழ வேண்டும். முடிவில் ஊர் வைக்கும் நிபந்தனைகளை மாணவர்கள் தீர்மானமாக எழுத வேண்டும்.

ஒரு செய்தி, ஐந்து வினாக்கள்

முதலீடு பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் மாணவர்கள் கேட்கப் பழக வேண்டியவை:
- வேலை எத்தனை பேருக்கு? என்ன தகுதிக்கு? நிரந்தரமா, ஒப்பந்தமா?
- அரசுக்கு வருவது எவ்வளவு? அரசு தரும் சலுகை எவ்வளவு?
- நம்மவர்கள் கற்றுக்கொள்ளும் திறன் என்ன?
- தொழிலாளரின் பாதுகாப்புக்கும் ஊரின் நீர், நிலத்துக்கும் யார் பொறுப்பு?
- அந்த நிறுவனம் பத்து ஆண்டுகளில் போய்விட்டால் ஊரில் என்ன மிஞ்சும்?

மதிப்பீட்டுக்கு, மேற்கண்ட நாடுகளில் ஏதேனும் இரண்டை எடுத்து இந்த ஐந்து வினாக்களுக்கும் விடை எழுதச் சொன்னாலே போதும். "நன்மைகள், தீமைகள்" என்று மனப்பாடம் செய்து எழுதும் விடையைவிட அது அவர்களின் புரிதலை நன்றாகக் காட்டும்.

"நல்லதா, கெட்டதா சார்?" என்று கேட்கும் மாணவரிடம் நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதலீடு ஒரு வாய்ப்பு. அதிலிருந்து மக்களுக்குப் பங்கைப் பெற்றுத் தருவது அரசின் ஒப்பந்தமும் வரவு செலவுத் திட்டமும். அந்த வாசலுக்குள் எந்தப் படியில் நுழைவது என்பதை உறுதி செய்வது படிப்பு. முன்னதில் நாம் குடிமக்களாகக் கேள்வி கேட்கலாம். பின்னது நேரடியாக நம் கையில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் நிற்கப்போகும் ஒரு பிள்ளையைப் பன்னிரண்டு வரை கொண்டுசேர்த்தால் அந்த 6.9 என்ற எண்ணை நாமும் சிறிது உயர்த்தியிருப்போம்.